விருந்தினரும் நட்டஈடும்

விருந்தோம்பலைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. திருவள்ளுவர் அதற்கென்று பத்துக் குறள்கள் கொண்ட ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஊரிலே வழிப்போக்கருக்குத் திண்ணை இருந்தது. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்கு வழியெல்லாம் மடங்கள் இருந்தன. வந்தவர் யார் என்று கேட்குமுன் தண்ணீர்ச் செம்பை நீட்டுவதே எமது பெற்றோர் எமக்குப் பழக்கிய வழக்கம்.

ஆனால் வந்தவர் காசு கொடுத்துத் தங்கினால் அவர் விருந்தினரா, வாடிக்கையாளரா? அவர் தங்கிச் சென்ற அறையில் ஒரு பொருள் பழுதடைந்திருந்தால் அதற்குரிய பணத்தை அவரிடம் கேட்பது முறையா? முறை என்றால் எவ்வளவு கேட்பது முறை? இவை இன்று எம்மவர் பலருக்கு வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல.

இலண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது அங்கத்தவர்களிற் பலர் இப்போது வீட்டில் ஓர் அறையையோ, முழு வீட்டையோ சில நாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பிள்ளைகள் மணமாகிப் போய்விட்டார்கள். மேல்மாடி வெறுமையாகக் கிடக்கிறது. வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. தாம் வசிக்கும் வீட்டில் தளபாடங்களுடன் ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்கு, 2016 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 7,500 பவுண் வரை வரிவிலக்கும் உண்டு. முழு வீட்டையும் விடுவதானால், விசேட அனுமதியின்றி வருடத்தில் 90 இரவுகளுக்கு மேல் விடக்கூடாது என்று பெருநகர் இலண்டனுக்கு 2015 இல் ஒரு சட்டமும் வந்தது.

மறுபக்கத்தில், விருந்தினராகப் போவதும் நாம்தான். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, தேர்த் திருவிழா என்று ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர்கள் வருகிறார்கள். ஹோட்டல் அறையில் சமைக்க முடியாது; பத்துப் பேர் சேர்ந்திருந்து கதைக்கவும் இடமில்லை. ஆகவே நான்கு நாட்களுக்கு ஒரு வீட்டை எடுக்கிறார்கள். எமது சமூகத்தில் ஒரே குடும்பம் ஆடியில் வீடு கொடுப்பவராகவும் ஆவணியில் வீடு எடுப்பவராகவும் இருப்பது சாதாரணம். எனவே இக்கேள்வியை ஒரு பக்கத்தில் மட்டும் நின்று பார்க்க எமக்கு உரிமையில்லை.

முதலில் பழைய காலத்தைச் சற்று நோக்குவோம். சட்டம் இவ்விடயத்தில் முதலில் காப்பாற்ற முன்வந்தது வீட்டுக்காரரை அல்ல, விருந்தினரைத்தான். பண்டைய ரோமாபுரியில் கப்பற்காரர், சத்திரக்காரர், குதிரைலாயக்காரர் ஆகிய மூவரும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் காணாமற் போனால் பொறுப்புக்கூற வேண்டும் என்று கட்டளை இருந்தது. இங்கிலாந்திலும் 1584 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வழக்கொன்று, விடுதியில் தங்குபவரின் உடைமைக்கு விடுதிக்காரரே பொறுப்பு என்ற விதியை உறுதிப்படுத்தியது. இன்றும் சில ஹோட்டல்களின் வரவேற்பறையில், ஒரு பொருளுக்கு 50 பவுண், ஒருவருக்கு மொத்தம் 100 பவுண் என்று பொறுப்பை வரையறுக்கும் அறிவித்தலைக் காணலாம். அது 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொங்கவிடப்படுவது.

இதன் காரணம் தெளிவானது. பயணி இரவில் நித்திரையாகிறார். வீடும் திறப்பும் சத்திரக்காரரின் கையில் இருக்கின்றன. பார்க்க முடியாதவர், பார்க்கக் கூடியவரை நம்புகிறார். யார் கையில் பொருள் இருக்கிறதோ அவரிடமே பொறுப்பும் இருக்கிறது.

இன்றைய குறுங்கால வாடகையில் இந்த நிலை தலைகீழாகிவிட்டது. திறப்பு இருக்கும் பெட்டியின் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பிவிட்டு வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்கிறார். கட்டில், அடுப்பு, சுவர், குளியலறை எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் இருக்கின்றன. இப்போது பார்க்க முடியாதவர் வீட்டுக்காரர்தான். ஆள் மாறினாலும் நீதி மாறவில்லை. எமது மொழியில் இதற்கு அடைக்கலப் பொருள் என்று பெயர். அடைக்கலமாகப் பெற்றதைப் பெற்றவாறே திருப்பிக் கொடுப்பது கடமை. ஆகவே பழுதுக்குப் பணம் கேட்பது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்று நாம் கருதவில்லை.

இதற்காக நிறுவனங்களும் ஏற்பாடுகள் செய்துள்ளன. 2011 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் எயார்பிஎன்பி மூலம் வந்த விருந்தினரால் ஒரு பெண்மணியின் வீடு சூறையாடப்பட்டபோது அது பெரிய செய்தியாயிற்று. அதே ஆண்டில் அந்நிறுவனம் 50,000 அமெரிக்க டொலர் வரை உத்தரவாதம் அளித்தது. 2012 இல் அது 10 இலட்சம் டொலராகவும், 2022 இல் 30 இலட்சம் டொலராகவும் உயர்ந்தது. விருந்தினர் வெளியேறி 14 நாட்களுக்குள் வீட்டுக்காரர் படங்களுடனும் பற்றுச்சீட்டுகளுடனும் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கேள்வி விருந்தினரிடமே போகும். 24 மணித்தியாலத்துக்குள் அவர் பணம் கட்டாவிட்டால் நிறுவனம் விசாரிக்கும். சாதாரண தேய்மானத்துக்கு இத்திட்டத்தில் பணம் இல்லை.

ஏற்பாடு நல்லதுதான். சிக்கல் எங்கே என்றால் தொகையில். இதை எமது சொந்த அனுபவத்தாலேயே விளக்க விரும்புகிறோம். அது எமக்குப் பெருமை தரும் கதையல்ல.

கணவன் மனைவியாகிய நாம் இருவரும் சில வருடங்களாக மேல்மாடி அறையொன்றை இணையத்தள நிறுவனமொன்றின் மூலம் வாடகைக்கு விட்டு வருகிறோம். ஒரு சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்காக வேற்று நகரிலிருந்து இளந் தம்பதியர் வந்து தங்கினார்கள். எம்மவர்களே. காலையில் சேலையை அழுத்தும்போது ஸ்திரிக்கைப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டார்கள். கார்ப்பெற்றில் பெட்டியின் அச்சு அப்படியே கருகிப் பதிந்துவிட்டது. போகும்போது மேசையில் ஒரு துண்டு எழுதி வைத்து மன்னிப்பும் கேட்டிருந்தார்கள்.

நாம் படம் எடுத்தோம். கடையில் விலை கேட்டோம். அறை முழுவதற்கும் புதிய கார்ப்பெற், பொருத்தும் கூலியுடன் 640 பவுண். அந்தத் தொகையைக் கேட்டு விண்ணப்பித்தோம். அடுத்த நாளே அந்தப் பிள்ளைகள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் கட்டிவிட்டார்கள். எமக்கும் திருப்தி.

எரிந்த கார்ப்பெற் எட்டு வருடம் பழையது. அதை எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். படம் உண்மை. கடைக்காரர் தந்த விலை உண்மை. எரித்தவர் ஒப்புக்கொண்டதும் உண்மை. நாம் எழுதிய எந்த வசனத்திலும் பொய் இல்லை. ஆனாலும் கேட்ட தொகை பொய். அப்படிப்பட்ட கார்ப்பெற் பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் உழைப்பில் எட்டு வருடத்தை நாமும் எமது பிள்ளைகளும் முன்னைய விருந்தினரும் அனுபவித்து முடித்துவிட்டோம். மிஞ்சியிருந்தது ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பிள்ளைகள் எமக்கு ஏற்படுத்திய நட்டம் 128 பவுண். மிகுதி 512 பவுணுக்கு அவர்கள் எமக்கு ஒரு புதுக் கார்ப்பெற் அன்பளிப்புச் செய்திருக்கிறார்கள், தாம் அன்பளிப்புச் செய்கிறோம் என்று தெரியாமலே.

இங்கிலாந்தில் வீட்டு வாடகைப் பிணக்குகளைத் தீர்ப்பவர்கள் இந்தக் கணக்கை நன்கு அறிவார்கள். நியாயமான பாவனையாலும் இயற்கையின் செயலாலும் வரும் தேய்மானத்துக்கு வாடகையாளர் பொறுப்பல்ல. பழையதற்குப் பதிலாகப் புதியதைப் பெற்று வீட்டுக்காரர் இலாபமடையவும் கூடாது. 2007 ஏப்ரல் தொடக்கம் நீண்டகால வாடகையாளரின் வைப்புப்பணத்தைப் பாதுகாக்கும் திட்டங்களில் இந்த அளவுகோலே பின்பற்றப்படுகிறது. நான்கு நாள் தங்குபவருக்கு அந்தத் திட்டம் இல்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சாட்சிதான் அளவுகோலைப் பிடிக்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. எமது நண்பர் ஒருவர் கேட்டார்: "ஐந்தில் ஒரு பங்கு கார்ப்பெற்றை எந்தக் கடையில் விற்கிறார்கள்? அவர்கள் எரித்தபடியால்தானே முழுக்காசையும் நீங்கள் இப்ப கொடுக்க வேண்டி வந்தது?" இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பணம் கையில் இல்லாத ஓய்வூதியக்காரருக்கு, இரண்டு வருடம் கழித்து வரவேண்டிய செலவு இன்றைக்கே வருவது பெரிய சுமை. ஆனால் அந்தச் சுமையின் சரியான பெயர் என்ன? இரண்டு வருடம் முந்தி வந்த செலவு. அவ்வளவுதான். அதற்குரியதைக் கேட்கலாம். பழுதின் காரணமாக அடுத்து வரவிருந்த விருந்தினரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்த வருமானத்தையும் கேட்கலாம். துப்புரவாக்க எடுத்த கூலியையும் கேட்கலாம். எப்படியும் மாற்ற வேண்டியிருந்த பழைய பொருளின் முழு விலையை, கையில் அகப்பட்டவரிடம் வாங்கிக்கொள்வது நட்டஈடு அல்ல.

நட்டஈடு என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. நட்டத்துக்கு ஈடு, அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோபத்துக்கு ஈடு என்றால் அது தண்டனை. தேவைக்கு ஈடு என்றால் அது வருமானம். மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்துவிடுவது மிக எளிது.

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. "கொம்பனிதானே கொடுக்குது, அவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசே?" முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடம் எடுப்பது எவரிடமும் எடுக்காதது போலத் தோன்றுகிறது. உண்மையில் கேள்வி முதலில் போவது விருந்தினரின் கைத்தொலைபேசிக்கு. அவர் கட்டாமல் நிறுவனம் கட்டினாலும், அந்தப் பணம் எல்லா விருந்தினரிடமும் வீட்டுக்காரரிடமும் அறவிட்ட கட்டணத்திலிருந்தே வருகிறது. கோயில் உண்டியலில் யார் காசு என்று பெயர் எழுதியில்லை என்பதற்காக அது எவருடைய காசும் அல்ல என்று நாம் சொல்வதில்லையே.

இந்த வழுக்குப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு 2025 ஆகஸ்டில் கார்டியன் பத்திரிகை வெளியிட்ட செய்தி ஓர் உதாரணம். நியூயோர்க்கின் மன்ஹற்றனில் வீடு எடுத்துத் தங்கிய இலண்டன் பெண்ணொருவரிடம் 12,000 பவுணுக்கு மேல் சேதம் என்று கேட்கப்பட்டது. சான்றாகக் காட்டிய படங்களில் ஒரே மேசையின் வெடிப்பு படத்துக்குப் படம் வேறுபட்டிருந்தது. படங்கள் கணினியால் திருத்தப்பட்டவை என்று அவர் வாதிட்டார். முதலில் அவரைப் பணம் கட்டச் சொன்ன நிறுவனம் பின்னர் தனது முடிவை மாற்றி, மன்னிப்புக் கேட்டு, தங்கியதற்கு அவர் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. படமே சாட்சி என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இனி ஒருவர் சொல்லை ஒருவர் நம்பினால்தான் இந்தத் தொழில் நடக்கும்.

இனி விருந்தினர் பக்கம் வருவோம். மஞ்சள் சமையலறை மேசைத்தட்டில் பட்டால் இலேசில் போகாது என்பது எமது பெண்களுக்கு நன்கு தெரியும். பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும் என்பதும் தெரியும். சாம்பிராணிப் புகைக்குக் கூரையிலுள்ள புகைமணி அலறும் என்று அதன் பற்றரியைக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நாலு பேருக்கு என்று சொல்லி எடுத்த வீட்டில் பதினாறு பேர் படுக்கிறார்கள். கட்டிற் சட்டம் முறிந்தால் முண்டு கொடுத்து விரிப்பால் மூடிவிட்டு, "அவன் பார்க்கவா போறான்" என்று சொல்லிப் புறப்படுகிறார்கள்.

பார்க்கிறாரோ இல்லையோ, முறிந்தது முறிந்ததுதான். மறைத்தவர் தப்பினால் பணம் வேறு யாரோ ஒருவரிடம் கேட்கப்படும். பெரும்பாலும் அடுத்ததாக வந்து தங்கும் ஒன்றுமறியாத குடும்பத்திடம். மறைப்பவர் வீட்டுக்காரரிடம் மட்டும் எடுக்கவில்லை. முகம் தெரியாத அந்தக் குடும்பத்திடமும் எடுக்கிறார். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாரம் தவறாமல் அவர்களைத் தேவார வகுப்புக்குக் கொண்டுவந்து விடுகிறோம். விரிப்பால் மூடிய கட்டில் அவர்களுக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்துவிடும்.

ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மை சொன்னவரிடமே முழுக்காசையும் கறந்தால் அடுத்த முறை அவர் உண்மை சொல்வாரா? எமது மேசையில் துண்டு எழுதி வைத்த பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த பரிசு 640 பவுண் பில். ஒரு வேளை அவர்கள் கட்டிலை நகர்த்தி அந்த அச்சை மூடியிருந்தால், 14 நாட்களுக்குள் நாம் கண்டிருக்கவே மாட்டோம். விருந்தினர் மறைப்பதும் வீட்டுக்காரர் கூட்டிக் கேட்பதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. "அவர்கள் கூட்டித்தான் கேட்பார்கள், ஆகவே மறைப்போம்" என்கிறார் ஒருவர். "அவர்கள் எதையோ மறைத்திருப்பார்கள், ஆகவே கூட்டிக் கேட்போம்" என்கிறார் மற்றவர். யாராவது ஒருவர் முதலில் நிறுத்த வேண்டும்.

மன்னித்துவிடுவது பற்றியும் ஒரு சொல். உடைந்த தேநீர்க் கோப்பைக்கும் கறைபட்ட துவாய்க்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பது அழகல்ல. வீடு திறந்தால் இவை நடக்கும் என்று வாடகையிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் மன்னிப்பு, நட்டப்பட்டவர் தாமாகக் கொடுப்பது. மற்றவர்கள் அவரிடமிருந்து பறித்தெடுப்பதல்ல. எமது சமூகத்தில் இந்தப் பறிப்பு நடக்கிறது. தனியே வாழும் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கியவர்கள் கதவை உடைத்துவிட்டுப் போனபோது, "எங்கடை ஆட்கள்தானே, காசு கேட்டால் வடிவில்லை" என்று பெரியவர்கள் சொல்லி அவரது வாயை அடைத்தார்கள். அவர் தமது சேமிப்பிலிருந்து கதவைப் போட்டார். உறவு என்பது உடைத்தவரைக் காப்பாற்றும் கேடயமாக மட்டும் இருக்குமானால் அது உறவல்ல. "எங்கடை ஆட்கள்" என்றால் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டாமா?

காசால் ஈடுசெய்ய முடியாத பொருள்களும் உண்டு. ஊரை விட்டு வரும்போது அம்மா கையில் தந்துவிட்ட குத்துவிளக்கின் தண்டு முறிந்தால், பித்தளையின் விலை சில பவுண்கள்தான். துக்கத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அப்படிப்பட்ட பொருளை வாடகை அறையில் வைக்காதிருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. முறிந்துவிட்டால், நேரில் வந்து நின்று வருத்தம் தெரிவிப்பதே விருந்தினர் கொடுக்கக்கூடிய ஈடு.

நடைமுறையில் நாம் இப்போது செய்வதைச் சொல்கிறோம். விருந்தினர் வரும் முன்னரும் போன பின்னரும் திகதியுடன் படம் எடுக்கிறோம். பெரிய பொருள்களை வாங்கிய திகதியையும் விலையையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். பணம் கேட்க நேர்ந்தால் பொருளின் வயதையும் நாமே சொல்லி, தேய்மானத்தைக் கழித்துக் கேட்கிறோம். விண்ணப்பம் போடுமுன் விருந்தினருடன் பேசுகிறோம். சாதாரண வீட்டுக் காப்புறுதி பல சந்தர்ப்பங்களில் பணம் கொடுத்துத் தங்குபவர் செய்த சேதத்துக்குச் செல்லாது. அதைக் காப்புறுதிக் கொம்பனியிடம் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொண்டோம். எமது சங்க மண்டபத்துக்கு வாங்கும் வைப்புப்பணத்திலும் இதே முறையைக் கைக்கொள்ளலாம் என்று நிருவாகசபைக்கும் எழுதியிருக்கிறோம்.

அந்தக் கார்ப்பெற்றின் கதையை முடிக்க வேண்டும். சில மாதங்களின் பின் திருவிழாவில், அன்னதான வரிசையில் ஓர் இளைஞர் எம்மிடம் வந்து, "அங்கிள், அன்ரி, உங்கடை கார்ப்பெற்றை எரிச்சது நாங்கள்தான், திரும்பவும் சொறி" என்றார். அந்தத் தொகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாம்தான் கேட்டோம், கூடவாக இருந்ததா என்று. "பெரியாக்கள் கேட்டால் சரியாத்தானே இருக்கும் எண்டு கட்டினனாங்கள்" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதல்ல. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். அடுத்த நாள் அவருடைய விலாசத்தைக் கேட்டு, 512 பவுணுக்குக் காசோலை எழுதி, ஏன் அனுப்புகிறோம் என்ற விளக்கத்துடன் அனுப்பினோம். அவர் முதலில் வாங்க மறுத்தார். இது தருமம் அல்ல, உங்கள் காசு என்று சொன்ன பிறகுதான் வங்கியில் போட்டார்.

இதை எழுதுவது எம்மை நல்லவர்களாகக் காட்டுவதற்காக அல்ல. எட்டு வருடம் என்ற ஒரு சொல்லை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது. காசு வாங்கினாலும் வந்தவர் விருந்தினர்தான் என்றே நாம் எண்ணுகிறோம். அந்த உறவு சரியான கணக்குக் கேட்பதால் கெடுவதில்லை. பிழையான கணக்கால்தான் கெடுகிறது.

இவ்விடயத்தில் மாறுபட்ட கருத்துள்ள அன்பர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் இடம்பெறச் செய்யும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறோம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதனை எடுத்துச் சொல்வார்களாக. எல்லோரும் இன்புற்றிருக்க எம்பெருமான் திருவருள் புரிவாராக.